உயர் ஓதம்: சொல்லும் பொருளும் பிழை வழக்குகளும்

உயர் ஓதம் என்பது நிலவும் கதிரவனும் ஈர்ப்பதால் கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்கும் சுழற்சியில், நீர்மட்டம் மிக உயர்ந்து நிற்கும் நிலையைக் குறிக்கும் கலைச்சொல். ஆங்கிலத்தில் 'ஹை டைட்' என்று வழங்குவதற்கு ஈடாகத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இச்சொல் ஆளப்படுகிறது. தாழ் ஓதம் இதன் எதிர்நிலை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஒரு நாளில் இரண்டு உயர் ஓதங்களும் இரண்டு தாழ் ஓதங்களும் ஏற்படும். ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆதலால் இன்று காலை 9 மணிக்கு நீர் உச்சத்தில் நின்றால், நாளை அந்த உச்சம் 9.50 அளவில் வரும்.

இவ்வளவும் எந்தப் புவியியல் வழிகாட்டியிலும் கிடைக்கும். ஆனால் தமிழில் இச்சொல்லைப் பயன்படுத்துவோர் எல்லோரும் ஒரே பொருளில் பயன்படுத்துவதில்லை. செய்தித்தாள் ஒன்றைச் சொல்கிறது, சட்ட அறிவிக்கை வேறொன்றைச் சொல்கிறது, வெள்ளக் காலத்தில் அதிகாரிகள் சொல்வது மூன்றாவது. ஒரு கலைச்சொல் தெளிவின்றி வழங்கினால் மாணவருக்கு மதிப்பெண் குறையும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். உயர் ஓதத்தைப் பொறுத்தவரை அப்படியில்லை. கடற்கரையில் யாருடைய வீடு நிற்கலாம், ஆற்றங்கரையில் யாருடைய வீடு ஏன் மூழ்கியது என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல இச்சொல் பயன்படுத்தப்படுகிறது.

ஓதம் என்னும் பழஞ்சொல்

ஓதம் புதிதாகப் படைத்த கலைச்சொல் அன்று. சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் ஓதம் கழிக்குள் ஏறி நிறைவதும் பின் வடிவதும் பலமுறை பேசப்படுகின்றன. ஆழ்வார் பாசுரங்களில் ஓதம் கடலையே குறிக்கும் சொல்லாக வரும். அகராதிகள் இதற்குத் தரும் பொருள்கள் ஈரம், வெள்ளம், அலை, கடல் என விரிகின்றன. விரை வீக்க நோய்க்கும் ஓதம் என்றே பெயர். இவை தொடர்பில்லாத பொருள்கள் போலத் தோன்றினாலும், நீர் ஊறிப் பெருகுதல் என்ற ஒரே கருத்து எல்லாவற்றிலும் இருப்பதைக் காணலாம்.

உள்நாட்டு மக்களுக்கு இன்றும் உயிரோடு இருப்பது ஈரம் என்ற பொருளே. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலைநகரைத் தாண்டி வரும் ஊர் சிங்கப்பெருமாள் கோவில். பல்லவர் காலக் குடைவரையில் அமைந்த நரசிம்மர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் தொழிற்சாலைச் சாலை இங்குதான் பிரிகிறது. கடல் இங்கிருந்து கிழக்கே 25 கிலோமீட்டருக்கும் அப்பால். ஐப்பசி, கார்த்திகையில் தரை சில்லிட்டு ஈரம் கசிந்தால், 'ஓதம் காக்குது' என்பார்கள். ஏரியை ஒட்டிய மனையில் கட்டிய வீட்டில் அடிச்சுவர் காரை பொரிந்து உதிர்ந்தால், 'சுவரில் ஓதம் ஏறுகிறது' என்பார்கள். இப்பகுதி மாணவர் பாடநூலில் 'ஓதம்' என்று படிக்கும்போது முதலில் நினைவுக்கு வருவது வீட்டுச் சுவர்தான். பாடநூல்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. கண்டுகொண்டிருந்தால் இரண்டு வரியில் விளக்கம் முடிந்திருக்கும். சுவரில் ஈரம் சத்தமில்லாமல் ஏறுகிறது. எவ்வளவு உயரம் ஏறியது என்பதைக் கறை காட்டுகிறது. கடலும் அப்படியே சத்தமில்லாமல் ஏறுகிறது. எவ்வளவு ஏறியது என்பதைக் கரையில் ஒதுங்கிய பாசியும் சிப்பியும் காட்டுகின்றன. அறியாத சொல்லை அறிந்த சொல்லால் விளக்குவது ஆசிரியப் பயிற்சியின் முதல் பாடம்.

கேரளத்தில் உயர் ஓதத்துக்கு வேலியேற்றம், தாழ் ஓதத்துக்கு வேலியிறக்கம் என்பர். கடலையும் கரையையும் குறிக்கும் வேலை என்ற சொல் தமிழ் இலக்கியத்திலும் உண்டு. இலங்கைத் தமிழில் ஓதம் என்பதைக் காட்டிலும் 'வற்றுப்பெருக்கு' என்பதே பாடநூல் வழக்கு. வற்றுதலும் பெருகுதலும் சேர்ந்த ஒரே நிகழ்வு என்பதை அச்சொல் சொல்லாமலே சொல்லிவிடுகிறது. தமிழ்நாட்டு மாணவர் இலங்கை நூலைப் படிக்கும்போது இரண்டும் ஒன்றே என்று அறிந்திருப்பது நல்லது. எது சிறந்தது என்று கேட்டால், விளக்கத் திறனில் வற்றுப்பெருக்கு ஒரு படி மேல். புதிய தொடர்களை ஆக்கிக்கொள்ள ஓதம் எளிது. 'ஓதக் கோடு', 'ஓத அட்டவணை' என்று சிக்கனமாகச் சேர்க்க முடிகிறது.

'உயர்' என்ற அடைமொழியின் சிக்கல்

குறை ஓதத்தில் இல்லை, அதன் முன்னால் நிற்கும் 'உயர்' என்பதில்தான் இருக்கிறது. நாள்தோறும் இருமுறை வரும் உச்ச நிலைக்கு உயர் ஓதம் என்ற பெயர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நிலவும் கதிரவனும் ஒரே கோட்டில் ஈர்க்கும்போது ஏற்ற இறக்கம் வழக்கத்தைவிட மிகுதியாகிறது. இதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்பிரிங் டைட்' என்று தனிப்பெயர் உண்டு. தமிழிலோ பல வழிகாட்டி நூல்களிலும் தேர்வு வினாக்களிலும் இதற்கும் உயர் ஓதம் என்றே எழுதிவிடுகிறார்கள். விளைவு: 'உயர் ஓதம் மாதத்துக்கு எத்தனை முறை வரும்?' என்ற கேள்விக்கு ஒரு மாணவர் இரண்டு என்கிறார், மற்றவர் ஏறத்தாழ அறுபது என்கிறார். அவரவர் நூற்படி இருவரும் சரி.

இன்னொரு நூல் வகை, 'ஸ்பிரிங்' என்ற சொல்லைக் கண்டு 'வசந்த கால ஓதம்' என்று எழுதுகிறது. அந்த ஆங்கிலச் சொல் இங்கே பருவத்தைக் குறிக்கவில்லை. பீறிட்டு எழுதல் என்ற வினையிலிருந்து வந்தது அது. மார்கழியிலும் ஆடியிலும் வரும் ஓதத்துக்கு வசந்தம் எங்கிருந்து வரும்?

தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. முழுநிலவையும் மறைநிலவையும் சேர்த்துக் குறிக்க 'உவா' என்ற சொல் நம்மிடம் உண்டு. பௌர்ணமி வெள்ளுவா, அமாவாசை காருவா. இரண்டு நாட்களிலும் மிகுந்து எழும் ஓதத்தை 'உவா ஓதம்' என்றால், காரணம் பெயரிலேயே வந்துவிடுகிறது. அட்டமியை ஒட்டி நிலவும் கதிரவனும் செங்கோணத்தில் நின்று ஈர்க்கும்போது ஏற்றமும் குறையும், இறக்கமும் குறையும். அதை 'அரைநிலவு ஓதம்' எனலாம். அப்போது உயர் ஓதம், தாழ் ஓதம் என்ற இரண்டையும் நாள்தோறும் நிகழும் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் மட்டும் ஒதுக்கிவிடலாம். இக்கட்டுரையில் இனி அவ்வாறே ஆளப்படுகிறது.

ஆங்கிலத்திலும் இச்சொல் முழுத் தெளிவோடு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடலோடிகள் நீர் ஏறிக்கொண்டிருக்கும் போக்கை ஒரு சொல்லாலும், ஏறி நின்ற நிலையை 'ஹை வாட்டர்' என்ற வேறொரு சொல்லாலும் சுட்டுவார்கள். கரையில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் 'ஹை டைட்' என்றுவிடுவார்கள். தமிழிலும் ஏறும் போக்கை 'ஓத ஏற்றம்' என்றும், ஏறி முடிந்த நிலையை உயர் ஓதம் என்றும் பிரித்துச் சொன்னால் குழப்பம் தீரும்.

ஓதம் அலையன்று

பத்திரிகைத் தமிழில் மிகப் பரவலான பிழை, உயர் ஓதத்தை 'உயர் அலை' என்பது. அலை பெரும்பாலும் காற்று எழுப்புவது. சில நொடிகளுக்கு ஒருமுறை வந்து போவது. ஓதம் ஆறு மணிநேரம் ஏறி, ஆறு மணிநேரம் இறங்குவது. சென்னைக் கரையில் உவா ஓதத்தில்கூட ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1 மீட்டர்தான். அரைநிலவு நாட்களில் அதில் பாதிகூட இராது. மெரினாவில் காற்று வீசும் நாளில் வந்து மோதும் ஒற்றை அலையே அந்த 1 மீட்டரைத் தாண்டும். ஆகவே மெரினாவில் நின்று அலையைப் பார்த்து ஓதத்தை அறிய முடியாது. அலை எவ்வளவு பெரிதானாலும் கடல் அப்போது தாழ் ஓதத்தில் இருக்கலாம். அலையே இல்லாமல் கண்ணாடி போலக் கிடக்கும் கடல் உயர் ஓதத்தில் இருக்கலாம்.

ஓதத்தைக் கண்ணால் காண விரும்புவோர் குஜராத்துக்குப் போக வேண்டும். காம்பே வளைகுடாவில், பவநகர் அருகே ஏற்ற இறக்க வேறுபாடு 10 மீட்டர் அளவுக்குப் போகும். பழைய கப்பல்களை உடைக்கும் அலங் கடற்கரை அங்கேதான் இருக்கிறது. அது அங்கே அமைந்ததற்கு ஓதமே காரணம். உவா ஓதத்தின் உச்சத்தில் கப்பலை முழு வேகத்தில் கரைமேல் ஏற்றிவிடுகிறார்கள். நீர் வடிந்ததும் கப்பல் தரையில் நிற்கிறது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் வேறுபாடு 16 மீட்டரை எட்டும். தமிழ்நாட்டில் ஓதம் கூச்சமுள்ளது. அதனால்தான் நம் செய்தியாளர்களுக்கு அது இயல்பான நிகழ்வாகத் தெரிவதில்லை.

திருச்செந்தூரிலோ ராமேஸ்வரத்திலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் சில அடி தூரம் பின்வாங்கினால், 'கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்' என்று தலைப்பு வருகிறது. நடந்தது உவா ஓதத்தின் தாழ்நிலை. சில மணிநேரத்தில் நீர் திரும்பிவிடும். 'மீண்டும் இயல்பு நிலைக்குத் திரும்பியது' என்று மறுசெய்தியும் வரும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலைக்கு முன் பல இடங்களில் கடல் பின்வாங்கியதை மக்கள் மறக்கவில்லை. அச்சம் அதனால் எழுகிறது, அதில் குறை காண முடியாது. ஆனால் அந்தப் பின்வாங்கல் சில நிமிடங்களில் நடந்தது, இது பல மணிநேரத்தில் நடக்கிறது என்ற ஒரு வரியைச் செய்தியில் சேர்த்தால் போதும். அந்த வரி ஒருபோதும் வருவதில்லை. 2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாளாக அமைந்ததும் குழப்பத்தைக் கூட்டியது. ஆழிப்பேரலைக்கும் நிலவுக்கும் தொடர்பில்லை. அது சுமத்ராவின் கடலடி நிலநடுக்கத்தால் எழுந்தது. ஆங்கிலத்தில் அதை முன்பு 'டைடல் வேவ்' என்றார்கள். அது தவறு என்று கண்டு அவர்களே கைவிட்டார்கள். 'ஆழிப்பேரலை' என்ற தமிழ்ச் சொல் இவ்விடத்தில் ஆங்கிலத்தைவிடத் துல்லியமானது. அதில் ஓதம் என்ற கலப்பே இல்லை.

கன்னியாகுமரியில் நிலைமை வேறு. அங்கே தாழ் ஓதம் அன்றாடத் தொல்லை. நீர்மட்டம் தாழ்ந்தால் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் செல்லும் படகுகள் தாமதமாகும் அல்லது நிறுத்தப்படும். சிலைக்குப் போகும் படகுக்குத்தான் தொல்லை அதிகம். இரண்டு பாறைகளையும் இணைத்து 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அது சுற்றுலாக் கவர்ச்சி என்றே பேசப்படுகிறது. ஆனால் பாறை நிறைந்த அந்தச் சிறு இடைவெளியில் தாழ் ஓதத்தின்போது படகு நெருங்க முடியாமையைத் தீர்ப்பது அதன் முதல் பயன்.

இதே குமரிக் கரையில் 'கள்ளக்கடல்' என்ற சொல் வழங்குகிறது. கேரளத்திலும் இதுவே பெயர். தொலைவில், தென்னிந்தியப் பெருங்கடலில் எழும் புயற்காற்றால் உண்டாகும் நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து, இங்கே காற்றோ மழையோ இல்லாத தெளிந்த நாளில் திருட்டுத்தனமாகக் கரையேறுவதுதான் கள்ளக்கடல். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தனர். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்திருந்த நாட்கள் அவை. உயர் அலை, உயர் ஓதம், கடல் சீற்றம், கள்ளக்கடல் ஆகிய நான்கும் ஒன்றே என்ற எண்ணம் இருக்கும்வரை எச்சரிக்கை எச்சரிக்கையாகச் சென்று சேராது. 'கடல் சீற்றம்' என்று கேட்பவர் வானத்தைப் பார்ப்பார். வானம் தெளிந்திருந்தால் ஆபத்தில்லை என்று கால் நனைப்பார். கள்ளக்கடல் என்ற சொல்லிலேயே எச்சரிக்கை இருக்கிறது. மீனவர்கள் கொடுத்த சொல் அது. பத்திரிகைகள் அதைச் சென்னை வரை கொண்டுவர வேண்டும்.

அடையாற்று வெள்ளமும் ஓதமும்

சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம், படப்பை வட்டாரத்தினர் 'ஹை டைட்' என்ற சொல்லைக் கடற்கரையில் கற்றதில்லை, வெள்ளத்தில் கற்றார்கள். சென்னை வெள்ளம் பற்றிய விவாதங்களில் 'கடல் தண்ணீரை உள்வாங்கவில்லை, ஹை டைட்' என்ற விளக்கம் தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் ஓயாமல் வரும். இது எந்த அளவு உண்மை என்று பார்க்கலாம்.

2015 டிசம்பர் 1 காலை தொடங்கி 24 மணிநேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. ஆதனூர், மணிமங்கலம், ஒரத்தூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் வேறு. அன்று கடல் எப்படி இருந்தது? பஞ்சாங்கம் பார்த்தாலே தெரியும். அந்த ஆண்டு கார்த்திகை தீபப் பௌர்ணமி நவம்பர் 25. தேய்பிறை அரைநிலவு டிசம்பர் 3. அதாவது டிசம்பர் 1, 2 தேதிகளில் உவா ஓதம் தணிந்து அரைநிலவு ஓதத்தை நோக்கிக் கடல் சென்றுகொண்டிருந்தது. ஓதத்தை மட்டும் வைத்துச் சொன்னால், வெள்ளம் வடிவதற்கு வாய்ப்பான நாட்களே அவை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதே கதை. சென்னையில் பெருமழை டிசம்பர் 3, 4 தேதிகளில் பெய்தது. பௌர்ணமி நவம்பர் 27, அரைநிலவு டிசம்பர் 5. மறுபடியும் ஓதம் மெலிந்த நாட்கள்.

அப்படியானால் கடல் நீரை ஏற்கவில்லை என்றது பொய்யா? முழுப் பொய் இல்லை, பெயர் தவறு. புயல் நெருங்கும்போது காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 செ.மீ. உயரும். கரையை நோக்கி வீசும் காற்று நீரைத் தள்ளிக் குவிக்கும். பெரிய அலைகள் முகத்துவாரத்தில் மேலும் நீரை ஏற்றி வைக்கும். இவை எல்லாம் சேர்ந்தது புயல் எழுச்சி. இது நிலவைப் பார்த்து வருவதில்லை, ஆறு மணிநேரத்தில் இறங்குவதும் இல்லை. புயல் நகரும் வரை நீடிக்கும். பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே அடையாறு கடலில் சேரும் இடத்தில் மணல்திட்டு அடைத்துக்கொள்வது வேறொரு தடை. அதற்கும் நிலவு பொறுப்பில்லை; தூர்வாருவோர் பொறுப்பு.

வேறுபாடு ஏன் முக்கியம்? ஓதத்தை யாரும் தடுக்க முடியாது. ஓராண்டுக்கு முன்பே அதன் நேரத்தை நிமிடக் கணக்கில் சொல்லிவிட முடியும். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. 'ஹை டைட்' என்று ஒருவர் சொன்னால், எத்தனை மணிக்கு, எத்தனை மீட்டர் என்று திருப்பிக் கேட்கலாம். அடுத்த தாழ் ஓதம் ஆறு மணிநேரத்தில் வந்திருக்குமே, அப்போது ஏன் வடியவில்லை என்றும் கேட்கலாம். நாள் முழுவதும் வடியாத வெள்ளத்துக்கு நாளுக்கு இருமுறை இறங்கும் ஓதம் காரணமாக முடியாது.

இதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் முகத்துவாரத்துக்கு அருகில் இருப்பவை. அங்கே கடல்மட்டத்தின் பாதிப்பு உண்டு என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் மண்ணிவாக்கமும் கடல்மட்டத்துக்குப் பல மீட்டர் மேலே இருப்பவை. 1 மீட்டர் ஏறும் சென்னைக் கடல் அங்கே எட்டிப் பார்க்கவே முடியாது. அங்கு வீடு மூழ்கினால், ஏரிகளின் கலங்கலும் வரத்துக் கால்வாயும் ஆற்றின் அகலமும் என்னவாயின என்றுதான் கேட்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தடத்தில் தொழிற்பூங்காக்களும் மனைப்பிரிவுகளும் எழுந்த கடந்த இருபது ஆண்டுகளில் அந்த நீர்வழிகளுக்கு நேர்ந்த மாற்றங்களைக் கடலின் மேல் ஏற்றிச் சொல்வது வசதியான விளக்கம், அவ்வளவே. 'ஹை டைட்' என்ற சொல் மும்பையிலிருந்து வந்த இறக்குமதியாகவும் இருக்கக்கூடும். அங்கே ஓதம் 4.5 மீட்டரைத் தாண்டும் மழைக்கால நாட்களின் பட்டியலை மாநகராட்சி முன்கூட்டியே அறிவிக்கிறது. தாழ்ந்த அந்நகரின் வடிகால்களுக்கு அது மெய்யான தடை. சென்னையின் ஓதத்துக்கு அந்தப் பெருமையும் இல்லை, அந்தப் பழியும் இல்லை.

சட்டத்தில் உயர் ஓதக் கோடு

உயர் ஓதம் என்ற சொல் மிகக் கூர்மையாகப் பயன்படும் இடம் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. 1991 பிப்ரவரியில் முதன்முதலாக வந்தது. பின்னர் 2011இலும் 2019இலும் புதிய அறிவிக்கைகள் வந்தன. கடற்கரையில் எங்கிருந்து எவ்வளவு தூரம் கட்டுப்பாடு என்பதை அளக்கத் தொடங்கும் புள்ளி உயர் ஓதக் கோடு. உவா ஓதத்தின்போது நீர் நிலத்தில் எட்டும் மிக உயர்ந்த எல்லையே அக்கோடு என்பது அறிவிக்கையின் விளக்கம். அக்கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை மண்டலம்.

இதனைத் தமிழில் 'உயர் அலைக் கோடு' என்று செய்திகளிலும் கூட்ட அறிவிப்புகளிலும் எழுதுவது உண்டு. படிப்பவர் என்ன நினைப்பார்? பெரிய அலை வந்து தொடும் இடம் என்று நினைப்பார். ஐப்பசிப் புயலில் அலை தன் வீட்டு வாசல்வரை வந்ததைக் கண்ட மீனவர், கோடு வாசலில் இருக்கிறது என்பார். வரைபடத்தில் கோடு வாசலுக்குப் பல மீட்டர் கீழே இருக்கும். அவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். வரைந்தவர் தவறு செய்யவில்லை. சொல் தவறு செய்தது. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் இவ்வளவு பெரிய தவறான புரிதலோடு பேச்சு தொடங்கினால் அது எங்கே போய் முடியும்? 'உவா ஓதக் கோடு' என்று எழுதினால் நீளம் கூடவில்லை, பொருள் பிழைக்கவும் இல்லை. நிலவு நாட்களில் நீர் எங்கே வந்து நிற்கும் என்பதை மீனவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இக்கோட்டின் பின்னால் பெரிய வழக்குகளும் உண்டு. நாகப்பட்டினக் கரையில் விளைநிலத்தையும் குடிநீரையும் உவர்ப்பாக்கிய இறால் பண்ணைகளுக்கு எதிராகச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைகள் கூடாது என்றது. எந்தப் பண்ணை உள்ளே, எது வெளியே என்பதை அளக்கத் தொடங்கும் இடம் உயர் ஓதக் கோடுதான்.

2019 அறிவிக்கை, 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கரைகளில் கட்டுமானம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. அளவு குறையக் குறையக் கோட்டின் துல்லியம் பெரிதாகிறது. 200 மீட்டரில் 10 மீட்டர் பிழை பொறுக்கக்கூடியது. 50 மீட்டரில் அது ஐந்தில் ஒரு பங்கு.

ஓதம் கடற்கரையோடு நிற்பதும் இல்லை. முகத்துவாரம் வழியே கழிகளிலும் ஆறுகளிலும் உள்ளே ஏறுகிறது. உவர்நீர் எதுவரை என்பதைக் கோடைக்கால உப்புத்தன்மையால் அளக்க வேண்டும் என்பது விதி. ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு இருக்கும் இடம்வரை ஓதத்தின் ஆட்சி. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து கிழக்கே போனால் முதலில் ஓதத்தைச் சந்திப்பது கடலில் அன்று, கேளம்பாக்கத்தில் பக்கிங்காம் கால்வாயிலும் முட்டுக்காட்டுக் கழியிலும்தான். 19ஆம் நூற்றாண்டில், 1877-78 பஞ்ச நிவாரணப் பணியால் ஒரு பகுதி வெட்டி இணைக்கப்பட்ட அக்கால்வாய், ஓத நீரை நம்பி வெட்டப்பட்டது. உயர் ஓதத்தில் ஏறிய நீரை மடைகள் பிடித்து வைத்துப் படகு ஓட்டின. கேளம்பாக்கத்து உப்பளங்களும் அந்த ஏற்றத்தையே நம்பி நீர் எடுத்தன. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது கடற்கரை முழுவதும் அதற்குப் போய்விட்டது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இப்போது கடற்கரையே இல்லை. ஒரகடத்தில் உருவாகும் கார்கள் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறும்போதுதான் அத்தடத்துக்கு ஓதத்தோடு நேரடி உறவு. கப்பலிலிருந்து துறைமேடைக்கு இறக்கும் சாய்பலகையின் சரிவு நீர்மட்டத்தைப் பொறுத்து மாறும்.

உருவகமாக

ஆங்கிலத்தில் ஓர் இயக்கமோ காலமோ உச்சத்தில் இருப்பதை 'ஹை டைட்' என்பார்கள். மொழிபெயர்ப்பாளர் சிலர் அதை அப்படியே 'உயர் ஓதம்' என்று எழுதுவதைக் காணலாம். தமிழ் வாசகருக்கு அது ஒன்றும் சொல்லாது. தமிழில் இப்பொருளுக்கு எழுச்சி, உச்சம், பெருக்கு ஆகியவை உண்டு. தேர்தல் பேச்சில் 'ஆதரவு அலை' நிலைத்துவிட்டது. அதை மாற்ற வேண்டியதில்லை. ஓதத்துக்குள்ள தனிச்சிறப்பு, ஏறியது இறங்கியே தீரும் என்பது. அந்தக் குறிப்பும் சேர்ந்து வர வேண்டுமானால் 'வற்றும் பெருக்கும்' என்ற இணையை ஆளலாம். இலங்கை எழுத்தில் அது இயல்பாக அமையும்.

தேர்வுக்குப் படிப்போர் கவனிக்க வேண்டிய ஒன்று மிச்சமிருக்கிறது. கடல்மட்ட உயர்வு என்பது புவி வெப்பமாதலால் ஆண்டுக்கு மில்லிமீட்டர் கணக்கில் நிகழ்வது. உயர் ஓதம் நாளுக்கு இருமுறை நிகழ்வது. வினாத்தாளில் இரண்டையும் ஒரே விடைக்குள் எழுதும் வழக்கம் இருக்கிறது. கடல்மட்டம் உயர உயர உவா ஓதக் கோடும் நிலத்துக்குள் நகரும் என்பது மட்டுமே இரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பு. அந்தக் கோட்டை வரையும் பணியில் ஈடுபட்டுள்ள தேசிய நிலைத்த கடற்கரை மேலாண்மை மையம் சென்னையில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. அடையாறு அங்கிருந்து நடந்து போகும் தூரம்.